இருநூற்றுப் பன்னிரண்டு பாகை

‘வெப்பங்காட்டியின் குமிழைக் கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்துக. முள் 212 பாகையில் நிற்க வேண்டும். நில்லாவிடின் திருகைத் திருப்பி 212இல் நிறுத்துக. அட்டையில் கையொப்பமிடுக.’

காற்றமுக்கிகளைப் பரிசோதிப்பதற்கு எங்கள் கம்பெனி வகுத்திருந்த விதிகளில் இது ஆறாவது. பாகை என்றால் அந்த நாளின் ஃபாரன்ஹைட் பாகை. கொழும்பில் அச்சாகி வந்தது. நல்ல தடித்த அட்டை, மேலே ஒரு துளை, ஆணியில் மாட்டுவதற்கு. இதில் பிழை இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. பதினாறு விதிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன் என்று பெருமைப்பட்டவன் நான். எழுப்பித்தான் யாரும் கேட்கவில்லை.

இதை எழுதக் காரணம், எங்கள் ஹட்டன் கிளையில் இப்போது வேலை செய்யும் இளைஞர்கள். சென்ற மாதம் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். புதிய காற்றமுக்கிகளில் வெப்ப உணரி பழுதானால் சின்னத் திரையில் ஓர் எண் வருமாம். எண்ணைப் புத்தகத்தில் தேடினால் பழுதின் பெயர் கிடைக்குமாம். “உங்கள் காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் சார்?” என்று கேட்டார்கள். ஒரு பானைப் பருப்பால் கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். வயதாகிவிட்டது பாவம் என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆகவே விவரமாக எழுதுகிறேன்.

அப்பா டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. ஹட்டனில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சீனியர் வரை படித்தேன். பௌதிகப் பரீட்சையில் சிறப்புச் சித்தி பெற்றேன். நாற்பத்தெட்டில் கம்பெனியின் ஹட்டன் பட்டறையில் பயிலுநராகச் சேர்ந்தேன். முதல் வருடம் கூட்டினேன், இரண்டாம் வருடம் அராவினேன், மூன்றாம் வருடம் முதலாளிமார் வரும்போது வேலை செய்வதுபோல நிற்கப் பழகினேன். நான்காம் வருடம் ஒரு தோல் பையும் பஸ் பாஸும் கொடுத்துத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள்.

தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் சனங்கள் ஸ்டோர் என்பார்கள். அந்த நாளில் ஸ்டோரை ஓட்டியது பெரிய டீசல் எஞ்சின். அதைக் கையால் சுழற்றிக் கிளப்ப பீமனால்தான் முடியும். அதனால் ஓர் இரும்பு உருளையில் காற்றை அடைத்து வைத்து, காலையில் அதைத் திறந்துவிட்டுக் கிளப்புவார்கள். உருளையில் காற்றை அடைப்பது காற்றமுக்கி. அதை ஓட்ட ஒரு சின்னப் பெட்ரோல் எஞ்சின். காற்றை அமுக்கினால் சூடாகும். மிஞ்சிச் சூடானால் குழாயில் இருக்கும் எண்ணெய் பற்றிக்கொண்டு வெடிக்கும். அதற்காகக் குழாய்க்குள் ஒரு குமிழ், குமிழிலிருந்து தலைமயிர் போன்ற செப்புக் குழல், குழலின் முனையில் கடிகாரம் போன்ற ஒரு வட்டம். முள் 320 பாகையைத் தொட்டால் ஒரு கம்பி வழியாகப் பெட்ரோல் எஞ்சின் தானாக அணைந்துவிடும். எங்கள் ஆட்கள் அந்த வட்டத்துக்கு வைத்த பெயர் காய்ச்சல் மீட்டர்.

காய்ச்சல் மீட்டருக்கு வரும் நோய்கள் விசித்திரமானவை. ஒரு ஸ்டோரில் முள் மாரியிலும் கோடையிலும் எழுபதைத் தாண்டவே இல்லை. போய்ப் பார்த்தால், கூட்டுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று குமிழைக் குழாயிலிருந்து உருவி, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு வருடமாக அது அந்தச் சுவரின் வெப்பத்தை மிக நேர்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பதிவேட்டிலும் தினமும் அதுவே எழுதப்பட்டு, மேலதிகாரி கையெழுத்தும் வைத்திருந்தார். பதிவேட்டில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

எங்கள் கிளைக்குப் பொறுப்பாக இருந்தவர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு, கையில் குடை, சட்டைப் பையில் இரண்டு பென்சில். எல்லோரும் வேலை முடிந்து கை கழுவுவார்கள். அவர் வேலை தொடங்குமுன் கழுவுவார். எண்ணெய்க் கையோடு எண்ணெய்க் கசிவைத் தேடினால் எங்கு தொட்டாலும் கசிவாகத்தான் இருக்கும் என்பார். ஒரு இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றதும் ஸ்பேனரை எடுப்பது அவருக்குப் பிடிக்காது.

“ஸ்பேனரை உள்ளுக்கை வையும் காணும். வைத்தியர் வீட்டுக்குள்ளை வரேக்கையே கத்தியோடையே வாறவர்?”

முதலில் ஒரு பெட்டியில் உட்கார்ந்து கால் மணி நேரம் பார்க்க வேண்டும். பார்த்ததைப் பென்சிலால் எழுத வேண்டும். பிறகுதான் தொட வேண்டும். தொட்டதையும் எழுத வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது, பிழையென்றால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். முன்கோபக்காரர். ஆனால் எங்களைத் திட்டும்போது கதவைச் சாத்திவிட்டுத் திட்டுவார். வெளியாட்கள் முன்னால் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. இதன் அருமை, பிறகு வேறு அதிகாரிகளிடம் வேலை பார்த்தபோதுதான் விளங்கியது.

ஐம்பத்து நான்கில் அக்கரப்பத்தனையில் ஒரு ஸ்டோருக்கு, முந்தின வருடம் வந்த காற்றமுக்கியின் முதல் வருடாந்தப் பரிசோதனைக்குப் போனேன். எஞ்சின் டிரைவர் மாரிமுத்து. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஆறாம் விதியின்படி காற்றமுக்கியை ஆற விட்டு, செப்புக் குழல் மடங்காமல் குமிழை உருவினேன். தகர டின்னில் தண்ணீர் கொதித்தது. குமிழ் டின்னின் அடியைத் தொடாமல் பிடித்தேன். ஐந்து நிமிடம். கண்ணாடியில் நகத்தால் ஒரு தட்டு. முள் 202இல் நின்றது.

பத்துப் பாகை குறைவு. திருகைத் திருப்பி 212க்குக் கொண்டுவந்தேன். குமிழை அதன் இடத்தில் எண்ணெயோடு வைத்து மூடினேன். கையெழுத்துப் போட்டு அட்டையை மாட்டினேன். ஸ்டோரைக் காக்கும் ரோதைமுனிக்கு மாரிமுத்து அண்ணன் கட்டியிருந்த எலுமிச்சம்பழமும் என் அட்டையும் ஒரே ஆணியில் தொங்கின. இரண்டில் எலுமிச்சம்பழமே யோக்கியமானது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் கழித்துக் கனகசபை என்னைக் கூப்பிட்டார். அந்த ஸ்டோரில் ஒரு காலை எஞ்சின் கிளம்பவில்லை. உருளையில் காற்றுப் போதவில்லை. வாடப் போட்ட தேயிலைக் கொழுந்து வீணாகிவிட்டது. அதற்குப் பிறகு சில நாள் ஒழுங்காகக் கிளம்பியிருக்கிறது. ஏனென்று ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் போய்ப் பார்த்தால், காய்ச்சல் மீட்டரிலிருந்து போகும் கம்பியை மாரிமுத்து கழற்றி வைத்திருக்கிறார். பாதுகாப்புச் சாதனத்தில் கை வைத்த குற்றம். தோட்டத்தை நடத்தும் துரை அவருக்குப் பத்துச்சீட்டு எழுதிவிட்டார். பத்துச்சீட்டு என்றால் பேரை வெட்டி அனுப்பும் சீட்டு. ஆணுக்கு எழுதினால் பெண்சாதிக்கும் வேலை போய்விடும், குடியிருக்கும் லயத்துக் காம்பிராவையும் விட்டுப் போக வேண்டும். அது இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுத் தோட்டத்துச் சனங்கள் எல்லோரும் விசாரணைக்குக் காத்திருந்த காலம். விலாசம் இல்லாதவனை விசாரிக்க யாரும் வரமாட்டார்கள். துரை நியாயமான மனிதர்தான். மீட்டர் சரியாக இருக்கிறதா என்று கம்பெனி எழுதித் தரட்டும், அதன் பிறகு சீட்டில் தேதி போடுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

“போய்ப் பாரும். உள்ளதை எழுதும்,” என்றார் கனகசபை.

போனேன். பெட்டியில் உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்தேன். வால்வுகளைக் கழற்றினேன், சுத்தம். குளிர்விக்கும் தண்ணீர் ஓடியது. காற்று வடிகட்டியில் ஒரு தூசி இல்லை. வீட்டுப் பாத்திரத்தைப்போல வைத்திருந்தார் மனிதர். வேலையிலிருந்து நிறுத்தியிருந்ததால் அவர் வாசலுக்கு வெளியே கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார். உள்ளே வர அனுமதியில்லை.

“ஏண்ணே கம்பிய கழட்டுனீங்க?”

“என்னா செய்யச் சொல்றீங்க? நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து உருளை ரொம்புறதுக்கு முன்னாடியே அணைஞ்சு போவுது. தண்ணி தெளிச்சுப் பாத்தேன், கை வச்சுப் பாத்தேன். சூடு எப்பவும் உள்ள சூடுதான். நம்ம மெஷினுக்குக் காய்ச்சல் இல்லீங்க. மீட்டருக்குத்தான் காய்ச்சல்.”

“எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே?”

“டீமேக்கர்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன். அட்டையில கையெழுத்து இருக்கு, நீ வேலையைப் பாருன்னாரு.”

அட்டையில் இருந்தது என் கையெழுத்து. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விதிப்படி குமிழை உருவினேன், தண்ணீரைக் கொதிக்க வைத்தேன், ஐந்து நிமிடம் வைத்தேன். முள் 212இல் அசையாமல் நின்றது. பென்சிலால் எழுதினேன்: ‘வெப்பங்காட்டி சரி. காற்றமுக்கியில் பழுதில்லை. கம்பி வேண்டுமென்றே கழற்றப்பட்டுள்ளது.’ மூன்று வாக்கியமும் உண்மை என்றே நம்பினேன்.

பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மழை கொட்டியது. வாசலில் நின்ற மாரிமுத்து அண்ணன், நான் என்ன எழுதினேன் என்று கேட்கவில்லை. “மழை விடாது, வீட்ல வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க,” என்றார். மறுக்கப் பார்த்தேன். அவருடைய குடும்பத்தைத் தெருவில் விடும் தாள் என் பையில் இருந்தது. “அந்த வேலை வேற, சோறு வேற. வாங்க,” என்றார்.

காம்பிராவில் அவர் மனைவி ராக்கம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அவருக்கும் வேலை நிறுத்தியிருந்தார்கள்.

“கொஞ்சம் பொறுங்க தம்பி. பருப்பு இன்னும் வேகல.”

“எப்ப பாரு இதே பாட்டு,” என்றார் அண்ணன். “விடிய வச்ச பருப்பு, தம்பி.”

“ஆமா, நான்தான் வேகாதேன்னு பருப்புக்கு மந்திரம் போட்டேன்! மாத்தளையில எங்க அக்கா வீட்ல இதே பருப்பு, இதே மாதிரி அடுப்பு, வெத்தல போடுற நேரத்துல குழைஞ்சு போவுது. அங்கல்லாம் தண்ணி பொறுமையா சூடாகி அப்புறந்தான் கொதிக்கும். இந்த மலையில தண்ணிக்கு அவசரம் தம்பி. சூடாவுறதுக்கு முந்தியே கொதிச்சிடுது. இத இவருக்கு யாரு சொல்றது?”

அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

சீனியர் பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது: மலையுச்சியில் சமைக்க அதிக நேரம் எடுப்பது ஏன்? காற்றமுக்கம் குறையும், ஆகவே நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்று படம் போட்டு விளக்கி முழுப் புள்ளியும் வாங்கினேன். அந்த மலை, கேள்வித்தாள் சொன்ன இமயமலை. நான் பிறந்து வளர்ந்து தினமும் மூச்சிரைக்க ஏறிய மலையும் மலைதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பாகையில் தண்ணீர் கொதிப்பது கடற்கரையில். அட்டை அச்சானது கொழும்பில்.

எழுந்துவிட்டேன்.

“சாப்பிடாம எங்க தம்பி போறீங்க?”

“தண்ணி கொதிக்க வைக்கணும்க்கா.”

“இங்கதான் கொதிக்குதே!”

ஸ்டோருக்கு ஓடினேன். தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு உபரியாக ஒரு கண்ணாடி வெப்பமானி டீமேக்கரிடம் பெட்டியோடு இருந்தது. கெஞ்சி வாங்கினேன். ஒரே டின், ஒரே கொதிநீர். ஒரு கையில் குமிழ், மறு கையில் கண்ணாடி. முள் சொன்னது 212. கண்ணாடி சொன்னது 202. மூன்று மாதத்துக்கு முன் அந்த மீட்டரும் இதே 202ஐத்தான் சொல்லியது. உண்மையைச் சொன்னதற்காக அதன் காதைத் திருகிப் பொய் சொல்லப் பழக்கியவன் நான். அதிலிருந்து அது பத்துப் பாகை கூட்டியே சொன்னது. உருளை நிரம்பும் கடைசிக் கட்டத்தில்தான் சூடு ஏறும். அந்தக் கடைசிப் பத்துப் பாகை வருமுன்னே பெட்ரோல் எஞ்சினை அணைத்தது.

என் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

“தப்பு என்னுதுண்ணே.”

அவர் கம்பளியைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். “அப்ப நான் கம்பிய கழட்டுனது?”

“அதுவும் தப்புத்தான். நெசமாவே சூடேறியிருந்தா வெடிச்சிருக்கும்.”

“சரிங்க. தப்பு ரெண்டு பேருது. பத்துச்சீட்டு மட்டும் ஒருத்தனுக்கா?”

பெட்டியில் உட்கார்ந்து, பென்சிலை எடுத்து இரண்டாவது அறிக்கையை எழுதத் தொடங்கினேன்.

மறுநாள் ஹட்டனில் இரண்டாவது அறிக்கையைக் கனகசபையின் மேசையில் வைத்தேன். வாசித்தார். எழுந்து கதவைச் சாத்தினார். நான் தயாரானேன். அவர் திட்டவில்லை. பட்டறை அடுப்பில் தண்ணீர் வைத்து, கண்ணாடி வெப்பமானியை விட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். ஹட்டன் அக்கரப்பத்தனையைவிடக் கொஞ்சம் பள்ளம். இருநூற்று நான்கு காட்டியது.

“பதினெட்டு வருசமா இஞ்சை தேத்தண்ணி குடிக்கிறன். ஒரு நாளாவது அளந்து பாத்தனானே?” என்றார். பிறகு, “உம்மட கையெழுத்து எத்தினை அட்டையிலை இருக்கு?”

“நான் போன எல்லா ஸ்டோரிலும் சார்.”

“எல்லாத்துக்கும் கீழை என்ரை கையெழுத்தும் இருக்கு.”

முதல் அறிக்கையைக் கிழித்துவிடவா என்று கேட்டேன். அப்போதுதான் கோபம் வந்தது. “கிழிக்கிறதோ? ரெண்டையும் சேத்துக் குத்தி அனுப்பும். ஆர் எப்ப எப்பிடிப் பிழைவிட்டவை எண்டு வாசிக்கிறவனுக்கு விளங்க வேணும்.” இரண்டாவது அறிக்கையில் என் பெயருக்கு மேலே, முதலாவதாக, மையால் தன் கையெழுத்தைப் போட்டார். அதிகாரி கையெழுத்துக் கீழேதான் வரவேண்டும் என்பது முறை. அவர் முறை தவறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரு பிரதி துரைக்கு, ஒரு பிரதி கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு. கனகசபை துரையை நேரில் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். துரை இரண்டு தாளையும் பொறுமையாக வாசித்தார். உங்கள் கம்பெனியின் அச்சடித்த அட்டை ஒன்றைச் சொல்கிறது, கம்பெனியின் கிளை இன்னொன்றைச் சொல்கிறது, நான் எதை நம்புவது என்று கேட்டார். கேள்வி நியாயமானது. தலைமை அலுவலகம் எழுதித் தரட்டும், அதுவரை மாரிமுத்துவும் அவன் மனைவியும் தற்காலிகமாக வேலை செய்யலாம் என்றார். தேதி போடாத சீட்டை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

தற்காலிகம் என்பதை அந்த நாளில் நான் நல்ல சொல் என்றே நினைத்தேன். ராக்கம்மா அக்கா லயத்துக்குப் பின்னால் கிழங்கு போடுவதை நிறுத்திவிட்டார். வெட்டும்போது யார் இருப்போமோ என்றார். கூரையில் ஒழுக்கு இருந்தது. தற்காலிக ஆளின் கூரையை யார் மாற்றுவார்கள்?

கொழும்பிலிருந்து ஒரு வாரத்தில் ஓர் அச்சுக் கடதாசி வந்தது: உங்கள் கடிதம் கவனத்தில் உள்ளது. கனகசபை ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை நினைவூட்டல் எழுதினார். ஒவ்வொரு மாதமும் அதே அச்சுக் கடதாசி வந்தது. இதற்கிடையில் நாங்கள் இருவரும் ஸ்டோர் ஸ்டோராக ஏறி இறங்கி, நான் கெடுத்த மீட்டர்களைத் திரும்பத் திருத்தினோம். நானுஓயாவுக்கு மேலே ஒன்று பன்னிரண்டு பாகை பொய் சொல்லிக்கொண்டிருந்தது. போன இடங்களில் பாதிக்குமேல் கம்பி ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. யாரும் மூச்சுவிடவில்லை. அகப்பட்டவர் மாரிமுத்து அண்ணன் மட்டுந்தான்.

அக்கரப்பத்தனைக்குப் போகும்போதெல்லாம் அவர் கேட்பார்: “என்னாங்க, கொழும்புல இன்னும் தண்ணி கொதிக்கலீங்களா?”

“அங்க கொதிக்க நேரமாகும்ணே. பள்ளம்ல?”

சிரிப்பார். சிரித்துவிட்டு, “கொதிச்சதும் சொல்லுங்க,” என்பார். அந்த இரண்டாவது வாக்கியத்தில் சிரிப்பு இருக்காது.

அடுத்த வருடம் பதில் வந்தது. நான்கு வரி. பழைய அட்டைகள் மீளப்பெறப்படுகின்றன, இடத்தின் உயரத்துக்கேற்ற கொதிநிலை குறித்த புதிய அட்டை அனுப்பப்படும், தவறு அட்டையுடையது, எஞ்சின் இயக்குநரை நீக்குவதற்குக் கம்பெனி தரப்பில் காரணம் எதுவும் இல்லை. மன்னிப்பு என்ற சொல் இல்லை. அதை எதிர்பார்க்கும் வயதை நான் அந்த ஒரு வருடத்தில் தாண்டியிருந்தேன்.

கனகசபை இரண்டு தடவை வாசித்தார். உறையில் போட்டு என்னிடம் நீட்டினார். “தபாலிலை போடாதையும். நீரே கொண்டு போம். பத்து மணி பஸ் இருக்கு.”

துரை வாசித்தார், லாச்சியைத் திறந்தார், மாரிமுத்துவைக் கூப்பிடச் சொன்னார். சீட்டை அவர் கையில் கொடுத்து, இனி இது உன்னுடையது, என்ன வேண்டுமானாலும் செய் என்று தோட்டத் தமிழில் சொன்னார். அண்ணன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்தது. என்னிடம் நீட்டி, “ஒரு தடவ படிச்சுச் சொல்லிடுங்க தம்பி. ஒரு வருசமா இது தலைமாட்டுல நின்னுச்சு. என்னா எழுதியிருக்குன்னாவது தெரியணும்ல?” என்றார்.

வாசித்தேன். பெயர், வேலை, லயம், மனைவி பெயர், கீழ்க்காணும் தேதியில் வெளியேற வேண்டும்.

“எந்தத் தேதிங்க?”

“போடலண்ணே.”

“அப்ப சரி,” என்று நான்காகக் கிழித்துக் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எஞ்சின் அறைப் பக்கம் நடந்தவர், பாதி வழியில் நின்று, லயத்துப் பக்கம் பார்த்து உரக்கக் கத்தினார்: “ஏ ராக்கு! மம்பட்டிய எடு, கெழங்கு போடலாம்!”

முப்பது வருட வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுக் கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவை எப்போது வந்தன என்று கேட்டால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த நான்கு வரிப் பதில் வந்த நாள் ஆவணி இருபத்திரண்டு.